நானூற்றுப் பன்னிரண்டு வீச்சு

மாதா திருநாளுக்கு மறுநாள் நடந்த வள்ளப் போட்டியில் சிப்பிக்கழி ஊரின் சுக்கானி பிரகாசி ஒரே ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டாள். அதனால் எட்டு ஆண்களின் கைகள் முப்பத்துமூன்று நாள் நிற்காமல் துடுப்புத் தண்டு வலித்தன.

அவள் சுக்கான் பிடிக்க வந்ததே ஒரு தராசால்தான். பதினேழு வயதில், கருவாட்டுக் கொட்டகையிலிருந்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் எடுத்துப்போன தராசைத் திரும்பக் கேட்கப் போனாள். பழைய சுக்கானி துபாய்க்குப் போய்விட்டதால், வள்ளத்தின் கடைசியில், அமரத்தில் உட்கார எடை குறைந்த ஆள் வேண்டும் என்று அங்கே ஊர்ப் பையன்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். "நீயும் ஏறு பிள்ள, தராசு சரியா இருக்கான்னு பாப்போம்" என்றார் ஒருவர். ஏறினாள். முப்பத்தெட்டு கிலோ. அதற்குக் கீழே யாரும் இல்லை.

மற்ற ஊர்ச் சுக்கானிகள் பாடுவார்கள், கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், அமரத்தில் குதிப்பார்கள். பிரகாசிக்கு ஆண்கள் முன்னால் பாடக் கூச்சம், திட்ட அதைவிடக் கூச்சம். எண்ணுவதற்கு மட்டும் கூச்சம் இல்லை. அதனால் எண்ணினாள். ஒன்று என்றால் எட்டுத் தண்டும் தண்ணீரில் விழும், இரண்டு என்றால் மறுபடி விழும். முதல் ஐந்து வருசம் தோற்றார்கள். நானூற்று ஐம்பது, நானூற்று முப்பத்தாறு என்று வீச்சுக் கணக்கு கூடியும் குறைந்தும் வந்தது. ஆறாம் வருசத்திலிருந்து, காற்று எதிர்த்தாலும் நீரோட்டம் இழுத்தாலும், புறப்படும் கம்பத்திலிருந்து கோயில் படித்துறைக்கு நேரே கட்டிய கயிறு வரைக்கும் சரியாக நானூற்றுப் பன்னிரண்டு வீச்சில் வள்ளம் வந்து சேர்ந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இருபது வருசம், இருபது கோப்பை. நானூற்றுப் பன்னிரண்டு என்றதும் அதே மூச்சில் "போதும்" என்பாள். எட்டுப் பேரும் தண்டை விடுவார்கள்.

அந்தச் சொல் வராமல் தண்டை விடுவதில்லை என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்டு வலிக்கிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கள். வந்த வழி தெரியுமே தவிர போகும் வழி தெரியாது. முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண் அமரத்தில் இருக்கிற இரண்டு கண்தான். ஆகவே புறப்படும் முன் எட்டுப் பேரும் மூன்று விரலால் உப்பங்கழித் தண்ணீரைத் தொட்டு, "யக்கா சொல்லுத வரைக்கும்" என்று சொல்வார்கள். வேறு எந்த ஊர் வள்ளத்திலும் இந்த வழக்கம் இல்லை.

இருபத்தாறாவது போட்டியில் பிரகாசிக்கு வயது நாற்பத்திரண்டு, எடை நாற்பத்தொன்று. அதோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அந்த வருசம்தான் அவளுடைய மகன் லாம்பர்ட் பத்தொன்பது வயதில் முதன்முதலாக வள்ளம் ஏறினான், அவளுக்கு வெகுதூரத்தில், முன்கோடியில். அவளுக்கு முட்டியோடு முட்டி இடிக்கிற முதல் தண்டில் கஸ்பார், பதினாறு வருசமாக அவள் முகத்தையே பார்த்து வலிக்கிறவன். நடுவில் ஐம்பத்துநாலு வயது சவரிமுத்து. மகனோடு ஒரு கோப்பை, பிறகு போதும் என்று பிரகாசி நினைத்திருந்தாள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முந்நூற்று எண்பத்துமூன்று வரைக்கும் ஒழுங்காக எண்ணினாள். அப்போது மேலக்கழி ஊர் வள்ளம் அரை வள்ளத் தூரம் முன்னால் இருந்தது. சவரிமுத்துவின் வாய் திறந்துவிட்டது. லாம்பர்ட்டின் தண்டு கால் நொடி பிந்தி விழுந்தது. இன்னும் இருபத்தொன்பது வீச்சு இருக்கிறது, இவர்களிடம் இருபத்தொன்பது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்து முந்நூற்று எண்பத்துநாலு என்று சொல்ல வேண்டிய வாய் நானூற்று மூன்று என்றது. இன்னும் பத்தே பத்து என்று எட்டு உடம்பும் அதை நம்பி, வைத்திருந்ததையெல்லாம் பத்தாகப் பங்கிட்டு, கொட்டித் தீர்த்தது. பத்தாவதில், நானூற்றுப் பன்னிரண்டு என்று அவள் சொன்ன இடத்தில், கயிறு இல்லை. அதற்கு மேல் சொல்ல எண் இல்லை. "இழு" என்றாள். "இழு, இழு" என்று பத்தொன்பது தடவை சொன்னாள். எங்கிருந்தோ இழுத்தார்கள். வள்ளத்தின் மூக்கு ஒரு முழம் முந்திக் கயிற்றைத் தொட்டது.

வெடி போட்டார்கள். கோயில் மணியை அடித்தார்கள். பிரகாசி வாயைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற சொல் தனியாக வரவில்லை. திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தாள். வள்ளம் நிற்காமல் போய் மணலில் ஏறியது, எட்டுத் தண்டும் மணலைத் தோண்டின. மாலை போட வந்தவர்கள் தண்டைப் பிடுங்கிப் போட்டார்கள், ஆட்களைத் தூக்கி இறக்கினார்கள். தூக்கிய கைகளிலேயே அவர்கள் கைகள் முன்னால் நீண்டு, நெஞ்சுக்கு மடங்கி, முன்னால் நீண்டு, நெஞ்சுக்கு மடங்கின.

"விளையாடாத லே" என்றார் கமிட்டிச் செயலாளர் பெர்க்மான்ஸ்.

"விளையாடல மாமா," என்றான் கஸ்பார். "நிக்க மாட்டேங்கு."

அன்றைக்குச் சாயங்காலமே பிரகாசி ஒவ்வொருவர் காதிலும் போய்ப் "போதும்" என்று சொன்னாள், எட்டுத் தடவை. எண்ணெய் தடவிய பலகையில் விழுந்த தண்ணீர் மாதிரி அந்தச் சொல் வழிந்து போனது. மறுநாள் படித்துறையில் நின்று சொன்னாள். அதற்கு மறுநாள் எட்டுப் பேரையும் வள்ளத்தில் உட்காரவைத்து, கயிறு கட்டியிருந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள். சொல்ல மறந்துவிட்டாள் பாவம், அந்த நேரம் தப்பிவிட்டது என்று ஊர் சொன்னது. அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். எண் மாற்றிச் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டவுன் டாக்டர் வந்து ஊசி போட மூன்று முறை குறிபார்த்து, மூன்று முறையும் கை மடங்கிவிட்டதால் தொடையில் போட்டார். எட்டுப் பேரும் நான்கு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார்கள், தண்டு வலித்துக்கொண்டே. பங்குச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். ஐந்தாம் நாள் டாக்டரும் சாமியாரும் வருவது நின்றது. அதற்குப் பிறகு ஊர் தன் போக்கில் அதைப் பழகிக்கொண்டது.

கை முன்னால் நீளும்போது வாய்க்கு வழி இருக்கிறது, அப்போது கவளத்தை வைக்க வேண்டும் என்று பெண்டாட்டிகள் கண்டுபிடித்தார்கள். தையற்காரர் விலாவில் பித்தான் வைத்து, கைவழி இல்லாத சட்டை எட்டு தைத்தார். பாயில் படுக்கவைத்தால் தூக்கத்தில் தரையில் ஊர்ந்து ஊர்ந்து விடியும்போது சுவரில் தலை முட்டிக் கிடந்தார்கள் என்பதால் தலைமாட்டில் அரிசி மூட்டை வைத்தார்கள். எட்டாம் நாள் கஸ்பாரின் மனைவி, கைக்குழந்தை அழுகிறதே என்று தொட்டில் கயிற்றை அவன் மணிக்கட்டில் கட்டினாள். பிள்ளை மறுநிமிடம் தூங்கியது. பக்கத்து வீட்டுக்காரி தன் தொட்டிலையும் அங்கே கொண்டுவந்தாள். பத்து நாளில் அந்த வீட்டில் ஐந்து தொட்டில் ஒரே கையில் ஆடின.

அப்புறம் தடையில்லை. ஆவணி வெயிலில் ஊர் அடிபம்பில் நாலு பேர் மாறிமாறி அடித்தால்தான் ஒரு குடம் வரும். இப்போது இரண்டு பேரை எதிரும் புதிருமாக உட்காரவைத்துக் கைப்பிடியில் கயிறு கட்டினார்கள், தண்ணீர் நிற்காமல் வந்தது, குடம் வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போனது. லாம்பர்ட்டைக் கருவாடு காயும் மணலின் நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து இரண்டு கையிலும் பனையோலையைக் கொடுத்தார்கள். ஒரு காக்கை இறங்கவில்லை. சவரிமுத்துவிடம் கயிறு திரிக்கிற சக்கரத்தைக் கொடுத்தார்கள். மற்ற மூன்று பேரை அக்கரைக்குப் போகிற தோணியில் ஏற்றினார்கள். யாருக்கு எந்த நாள் எந்த வேலை என்று பெர்க்மான்ஸ் ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினார். ஜனங்கள் அதைப் படித்துவிட்டு, பூசை நேரம் பார்த்த மாதிரி, போய்க்கொண்டிருந்தார்கள்.

பிரகாசிக்கு அதுதான் திகைப்பாக இருந்தது. கைகள் நிற்காததைவிட, நிற்காத கைகளுக்கு இத்தனை வேலை இருந்ததே என்பது. நடந்துபோகிற வழியெல்லாம் அவளுக்குத் தெரிந்த தோள்கள் அசைந்துகொண்டிருந்தன. தன்னையறியாமல் அவற்றை எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பது, நாளைக்கு நாற்பத்துமூவாயிரத்து இருநூறு. நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிவைத்தாள். மகனைக் கருவாட்டுத் தராசில் உட்காரவைத்து நிறுத்தாள். போட்டியன்று ஐம்பத்தெட்டு. பத்தாம் நாள் ஐம்பத்துநாலு. இருபதாம் நாள் நாற்பத்தொன்பது.

"அம்மா, காக்காய்க்கு என்னப் பாத்தா பயம் போயிட்டு," என்றான் லாம்பர்ட் ஒரு நாள். "இப்ப பாவம் பாக்குது."

இருபத்தொன்பதாம் நாள் சவரிமுத்து கயிற்றுச் சக்கரத்தின்மேல் சாய்ந்து விழுந்தார். டவுன் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, இன்னும் பத்து நாள் தாங்கினால் அதிகம் என்றார். எட்டுப் பேருக்கும் அதே கதிதான், ஆள் ஆளுக்கு முன்னே பின்னே என்றார்.

முப்பத்தோராம் நாள் மேலக்கழிச் சுக்கானி தர்மகனி விசாரிக்க வந்தார். பருத்த ஆள், வாய் நிறைய வெற்றிலை. பிரகாசியோடு இருபத்தாறு வருசம் பக்கத்து வள்ளத்தில் வந்தவர், ஒரு நாளும் அவள் வீட்டுக்கு வந்ததில்லை. ஸ்டூலில் கொள்ளாமல் உட்கார்ந்து தேநீரை ஊதினார்.

"எங்க பயலுவ கையெல்லாம் நல்லா நிக்கி பிரகாசி. சொல்லாமலே நிக்கும். பாதி வழியிலேயே நின்னுரும், அதான் எங்க கஷ்டம்."

அவள் சிரிக்க முயன்றாள்.

"நான் சொன்னா எவன் கேக்கான்? இருநூறு வீச்சுலேயே 'கயிறு வந்திட்டு லே, இன்னும் பத்துதாம்ல'ன்னு கத்துவேன். ஒருத்தன் நம்பமாட்டான். தர்மகனி மாமா பத்துன்னா எழுபதுன்னு அர்த்தம், மெதுவா வலின்னு அவனுவளே பேசிக்கிடுவானுவ. இருபத்தாறு வருசமா நான் புளுகுதேன், ஒரு பயலுக்கும் ஒரு கேடும் வரல." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "உன் ஆளுக பாவம். நீ பத்துன்னா அது பத்து. இந்தக் கழியில அப்படி ஒரு வாயி உனக்குத்தான் இருக்கு, கேட்டியா. நீ ஒரு தடவ புளுகியிருந்தேன்னு வையி, அவனுவ எங்க போயி நிப்பானுவ?"

பிரகாசி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த இடத்தில் எதுவும் இல்லை. தேநீர் அவள் பாதத்தில் கொட்டியது; சூடு உறைக்கவில்லை. வேடிக்கைக்குச் சொன்னவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே, பிள்ள?"

"இல்லண்ணே. சரியாத்தான் சொல்லுதிய."

அன்றைய கணக்கு பதின்மூன்று லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து இருநூறு. லாம்பர்ட் நாற்பத்துமூன்று கிலோ. அவளைவிட இரண்டே கிலோ கூட.

மறுநாள் கமிட்டியில் போய் நின்று, எட்டுப் பேரையும் ஒரு தடவை வள்ளத்தில் ஏற்றித் தர வேண்டும், போட்டி ஓடின தூரத்தை மறுபடி ஓட வேண்டும் என்று கேட்டாள். காரணம் சொல்லவில்லை. பெர்க்மான்ஸ் மோவாயைத் தடவினார்.

"நின்னுட்டா நல்லதுதான். ஆனா பம்பு இருக்கே பிரகாசி. ஐப்பசி மழை வந்திரட்டுமே. அவசரப்பட வேண்டாம்னு பாக்கேன்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். நல்ல ஜனங்கள், இவளுடைய இருபத்தொரு கோப்பைக்கும் மேளம் அடித்தவர்கள்.

சவரிமுத்துவின் மனைவி லூர்து பின்னாலிருந்து எழுந்தாள். "மழை வரைக்கும் உங்க ரெண்டு கையக் குடுங்க மாமா. எங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும். உங்க கை சும்மா மோவாயத்தானே தடவுது."

பெர்க்மான்ஸ் மோவாயிலிருந்து கையை எடுத்து, சரி என்றார்.

முப்பத்துமூன்றாம் நாள் காலை பம்பிலிருந்து இரண்டு பேரை அவிழ்த்தார்கள், தோணியிலிருந்து மூன்று பேரை இறக்கினார்கள், கஸ்பாரின் மணிக்கட்டிலிருந்து ஐந்து தொட்டில் கயிற்றையும் கழற்றினார்கள், ஐந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டன. சவரிமுத்துவைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். லாம்பர்ட்டைப் பிரகாசியே இடுப்பில் அணைத்துக் கொண்டுவந்து முன்கோடியில் உட்காரவைத்தாள், கனமே இல்லை. புறப்படும் கம்பத்தில் வள்ளத்தை நிறுத்தினார்கள். தண்டைக் கையில் கொடுத்ததும், முப்பத்துமூன்று நாள் காற்றைத் துழாவிய கைகள் தண்ணீரைக் கண்டன. வள்ளம் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது.

"ஒண்ணு" என்றாள் பிரகாசி.

ஊர் முழுக்கக் கரையோடு கூடவே நடந்தது. கழி அசையாமல் கிடந்ததால் அவளுடைய மெல்லிய குரல் கரை வரைக்கும் கேட்டது. நூறு. இருநூறு. கஸ்பாரின் முகம் ஒரு சாண் தூரத்தில் வந்து வந்து போனது, கன்னம் ஒட்டி, கண் குழிந்து. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். முந்நூறு. முந்நூற்று ஐம்பது. முந்நூற்று எண்பத்துமூன்று.

"முந்நூத்தி எண்பத்தி நாலு," என்றாள். "அன்னைக்கு இத நானூத்தி மூணுன்னு சொன்னேன்."

தண்டுகள் விழுந்தன. கரையில் நடந்த கால்கள் நின்றன.

"முந்நூத்தி எண்பத்தி அஞ்சு. இத நானூத்தி நாலுன்னு சொன்னேன். முந்நூத்தி எண்பத்தி ஆறு. இத நானூத்தி அஞ்சுன்னு சொன்னேன்." ஒவ்வொரு வீச்சுக்கும் அதன் சொந்த எண்ணைச் சொல்லி, அன்று வைத்த பொய் எண்ணையும் சொல்லி, ஒன்றைக்கூட விழுங்காமல் அவள் சொல்லிக்கொண்டு போனாள், அவளுடைய காது மடல் சிவந்து எரிந்தது, பாடக் கூச்சப்பட்ட பிள்ளை ஊர் நடுவில் சேலை அவிழ்ந்து நிற்பது போல இருந்தது. "முந்நூத்தித் தொண்ணூத்தி மூணு. இத நானூத்திப் பன்னெண்டுன்னு சொன்னேன். கயிறு இல்ல. உங்களுக்கு முதுகுப் பக்கம், தெரியாது. எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கினாள். "முந்நூத்தித் தொண்ணூத்தி நாலு. இதுலேருந்து நான் எண்ணவே இல்ல."

அந்தப் பத்தொன்பதையும் எண்ணினாள். முப்பத்துமூன்று நாளாக எண்ணில்லாமல் அலைந்த வீச்சுகள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் எண்ணில் உட்கார்ந்தன. நானூற்று ஒன்று. நானூற்று எட்டு. நானூற்றுப் பதினொன்று. கோயில் படித்துறை நேரே வந்தது.

"நானூத்திப் பன்னெண்டு. போதும்."

எட்டுத் தண்டும் கைகளை விட்டு நழுவின. எட்டு ஜோடிக் கைகளும் மடியில் விழுந்து, யாருடையவோ போலக் கிடந்தன. சவரிமுத்து வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்கியது, மெதுவாக, தன் இஷ்டத்துக்கு. கரையில் யாரும் மணியடிக்கப் போகவில்லை.

கஸ்பார் தலையைத் தூக்கினான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. எண்பத்தி மூணுக்குப் பொறவு உங்க கண்ணு என்னப் பாக்கல."

"சொல்லியிருக்கலாம்லா தம்பி."

"சொன்னா நீங்க பொய் சொன்னதா ஆயிரும்லா," என்றான் கஸ்பார்.

பிரகாசி பதில் சொல்ல வாயெடுத்தாள். "நானூத்திப் பதிமூணு" என்றது வாய்.

அவளே திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கில் நானூற்றுப் பதினாலு வந்தது. பதினைந்து வந்தது. கஸ்பார் பார்த்தான், நடுவில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஒருவருக்கும் புரியவில்லை. இருபத்தாறு வருசம் எட்டுப் பேருக்கும் நிறுத்தச் சொன்னவளுக்கு நிறுத்தச் சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. அவளுக்காகத் தண்ணீரைத் தொட்டவர்கள் உண்டு, அவள் யாரை நம்பியும் தண்ணீரைத் தொட்டதில்லை. நானூற்று இருபது. நானூற்று இருபத்துமூன்று. வள்ளம் கயிற்று இடத்தைத் தாண்டிக் கடல்வாய்ப் பக்கமாக மிதந்தது. சுக்கானிலிருந்து அவள் கை எடுபட்டுவிட்டது. கண்ணில் நீர் கொட்டியது, வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

முன்கோடியில், ஏழு தலைகளுக்கு அப்பால், லாம்பர்ட் மெல்லத் தலை நிமிர்ந்தான். அவனால் கையைத் தூக்க முடியவில்லை. மூன்று விரலை வள்ளத்தின் விளிம்பில் சாய்த்து, தண்ணீர் தொடும் வரைக்கும் நழுவவிட்டான்.

"அம்மா," என்றான். "போதும்மா."

நானூற்று இருபத்தேழில் அவள் நின்றாள்.

வள்ளம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் போனது என்று ஒருவரும் எண்ணவில்லை.